இஞ்சின் மெத்தை

லைசென்ஸில் அவனுக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் பக்கத்துக் கடைக்காரருக்கே வழி சொல்லத் தெரியாது. எல்லோருக்கும் அவன் செவியன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், டீ கிளாஸும் கையுமாக நின்றவன், தெருமுனையில் வந்த லாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “மூணாவது சிலிண்டர்ல வால்வு எரிஞ்சிருக்கு” என்றான். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அதற்குப் பிறகு அவன் பட்டறைக்கு வந்தவர்கள் ஸ்பேனருக்காக வரவில்லை, காதுக்காக வந்தார்கள்.

அந்தச் செவியனுக்கு இரண்டு வருஷமாகக் காது கேட்பதில்லை.

முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. சுத்தியல் விழுந்தால் கேட்கும். கதவை ஓங்கிச் சாத்தினால் கேட்கும். சன்னமான சத்தமோ, விசில், ஹாரன் மாதிரிக் கூர்மையான சத்தமோ எதுவும் கிடையாது. மனிதர்கள் பேசுவது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் முனகல் மாதிரி இருக்கும். நாலு மணி நேரம் பஸ்ஸில் போய், தன்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊரில் காது டாக்டரைப் பார்த்தான். வீட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். முப்பது வருஷ இரைச்சலில் நரம்பு போய்விட்டது, போனது திரும்பாது, காதில் மிஷின் வைத்துக்கொண்டால் பேச்சாவது கொஞ்சம் புரியும் என்று டாக்டர் காகிதத்தில் எழுதியே காட்டினார். செவியன் அந்தக் காகிதத்தை எட்டாக மடித்து பஸ் நிலையக் குப்பைத் தொட்டியில் போட்டான். சொன்ன பொய்க்குச் சாட்சியாக இரண்டு ஃபேன் பெல்ட்டை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். செவியன் காதில் மிஷினா, ஊர் சிரிக்காதா என்பது அவன் கவலை. ஊர் நாலு நாள் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகும் என்று அவனுக்கு எடுத்துச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவளிடமும் மறைத்தான். எனக்கு அவன் மேல் இருக்கிற கோபமெல்லாம் அந்த இடத்தில்தான்.

அந்த ஒருத்தி அவன் மனைவி. பட்டறையின் முன்பாதி அவளுடையது. கார் சீட்டுக்கு உறை தைப்பாள், கிழிந்த கூரைத்துணி மாற்றுவாள், கதவு அட்டைக்கு ரெக்ஸின் ஒட்டுவாள். இருபத்து மூன்று வருஷமாக அவள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள், இவன் இஞ்சினுக்குள் தலையை விட்டபடியே பதில் சொல்லுவான். இப்போது எதைக் கேட்டாலும் ஒரே பதில், “ம்.” கூரை ஒழுகுது என்றால் ம். வாடகை ஏத்தப் போறாங்களாம் என்றால் ம். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், “அம்மாகிட்ட பேசு” என்று போனை நீட்டிவிடுவான். அப்பாவுக்குத் தன் மேல் என்ன கோபம் என்று அந்தப் பெண் இரண்டு தடவை அழுதாள். செவிட்டு மெக்கானிக் என்று பெயர் வாங்குவதைவிட முசுடு, கல்நெஞ்சன் என்று பெயர் வாங்குவது தேவலாம் என்று முடிவு கட்டியிருந்தான் அந்த மகானுபாவன்.

இந்த லட்சணத்தில்தான் பல் டாக்டரின் கார் வந்தது.

நாற்பத்தைந்து வயதான ஸ்போர்ட்ஸ் கார். பாசிப்பச்சை நிறம், தவளை மாதிரி உப்பிய முன் விளக்குகள், இரண்டு பேர் உட்கார இடம். முன்னால் மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கிற குழிதான் இருக்கும். இஞ்சின் பின்னால், உட்காருகிறவர்களின் முதுகுக்கு நேர் பின்னால். பல் டாக்டர் இறங்கினார். ஐம்பதைத் தாண்டியவர், க்ளினிக்கில் மாட்டியிருந்த மாஸ்க் இன்னும் தாடையில் தொங்கியது. செவியன் வழக்கம்போல் அவர் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி நகர்ந்து நின்றான். வாய் தெரிந்தால் பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்வான்.

“ஓட்டுறதுக்கு சொர்க்கம் மெக்கானிக். ஆனா உள்ள உக்காந்து ஒரு வார்த்தை பேச முடியல. எங்க வீட்டம்மா ஏறவே மாட்டேங்குறாங்க. வாரம் பூரா ட்ரில் சத்தத்துல கெடக்குறேன். லீவு நாள்லயாவது நிம்மதியா அவங்களோட பேசிக்கிட்டே போகணும்.”

செவியன் பின்மூடியைத் தூக்கினான். இஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவே இருந்த தகட்டில் சத்தத்தை அடக்குவதற்காக அந்தக் காலத்தில் ஒட்டிய மெத்தை, பாதி உதிர்ந்து மீதி தொங்கியது. விரலால் தொட்டான். ஈரச் சாம்பல் மாதிரி கையோடு வந்தது. உதிர்ந்த தூளைக் காற்றாடி உறிஞ்சி இஞ்சின் மேலெல்லாம் அப்பி வைத்திருந்தது.

“இத மெத்தைன்னு சொல்லாதீங்க டாக்டர். சுரண்டி எடுத்துட்டு புதுசா போட்டுருவோம். நாலு நாள் ஆகும்.”

“அப்படியே இஞ்சினையும் ஒரு தடவ கேட்டுச் சொல்லுங்க. அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் உங்ககிட்ட வந்தேன்.”

செவியன் இஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். நுனியை இஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டான். முன்பெல்லாம் அந்தக் கம்பி வழியாக ஒரு சந்தையே கேட்கும், ஒவ்வொரு வால்வும் தன் குறையைத் தனித்தனியாகச் சொல்லும். இப்போது யாரோ தூரத்தில் மண்ணை இடிக்கிற மாதிரி ஓர் அதிர்வு. பல் டாக்டர் பயபக்தியோடு பார்த்து நிற்க, கொஞ்ச நேரம் கண்ணை மூடியே இருந்துவிட்டு, “வயசுக்கு நல்லா இருக்கு” என்றான். எந்த இஞ்சினுக்கும் பொருந்துகிற பதில். டாக்டருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து மனைவி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் வந்த நாலு நாளும் இரண்டு வருஷத்தில் அவன் பார்த்த நல்ல நாட்கள். மெத்தை மாற்றுவதற்குக் காது வேண்டாம். கண்ணும் கையும் பொறுமையும் போதும். இஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியில் ஒரு சாண் கீழே இறக்கினான். அப்போதுதான் தகட்டின் மேல் விளிம்புக்குக் கை போகும். சூடான காற்றைக் காட்டிக் காட்டிப் பழைய மெத்தையைத் தகட்டுக் கரண்டியால் சுரண்டினான். மெத்தை வந்துவிட்டது, அதை ஒட்டியிருந்த பசை வரவில்லை. தார் மாதிரி இறுகிப்போயிருந்தது. தின்னரில் நனைத்த துணியால் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தான். முதுகு கழன்றது. ஆனால் மனசு லேசாக இருந்தது, தானாகவே சிரித்துக்கொண்டான்.

அளவெடுப்பது அவள் வேலை. பழுப்புக் காகிதத்தைத் தகட்டின் மேல் விரித்து, ஒயர் போகிற ஓட்டை, கீல் வருகிற வெட்டு, போல்ட் தலை எல்லாவற்றையும் தையல் சாக்கட்டியால் குறித்தாள். ரவிக்கைக்கு அளவெடுக்கிற கவனம். புது மெத்தை மூன்று அடுக்கு. அடியில் நுரை, நடுவில் கனமான ரப்பர், மேலே சூட்டைத் திருப்பி அனுப்ப வெள்ளித்தாள். அதை அவள் ஆறு துண்டாக வெட்டினாள். ஒரு துண்டும் இடிக்கவில்லை, ஒரு துண்டும் குறையவில்லை.

ஒட்டுகிற சொல்யூஷன் பொல்லாதது. தகட்டிலும் தடவ வேண்டும், மெத்தையிலும் தடவ வேண்டும். விரலால் தொட்டால் நூல் விடாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு ஒரே தடவையில் வைக்க வேண்டும். நகர்த்திக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது, வைத்த இடம் வைத்த இடம்தான். அந்த நெடிக்கு இரண்டு பேரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். அவள் மெத்தையின் ஒரு நுனியைப் பிடிக்க, அவன் இன்னொரு நுனியைப் பிடித்து இஞ்சின் குழிக்குள் குனிந்து வைப்பார்கள். அவள் மாஸ்க் அசையும், ஏதோ பேசுகிறாள் என்று தெரியும். வாய் தெரியாது. அவன் ஒவ்வொரு அசைவுக்கும் “ம்” சொல்லிக்கொண்டே ரோலரால் அழுத்தினான். கடைசியாகத் துண்டுகள் சேருகிற இடங்களில் வெள்ளி டேப் ஒட்டி, இஞ்சினை மேலே ஏற்றி முடுக்கினான்.

சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போன பல் டாக்டர், திங்கட்கிழமை காலையில் திரும்பி வந்தார்.

“பிரமாதம் மெக்கானிக். எங்க வீட்டம்மா ரெண்டு மணி நேரம் பேசிக்கிட்டே வந்தாங்க. ஆனா இப்ப புதுசா ஒரு சத்தம். அறுபதத் தாண்டினா பின்னாடியிருந்து கொசு மாதிரி ஒண்ணு கீச்சுங்குது. அவங்களுக்குத் தலைவலியே வந்துருச்சு.”

செவியனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பெரிய சத்தத்தை அடக்கினால் அதன் நிழலில் ஒளிந்திருந்த சின்னச் சத்தமெல்லாம் வெளியே வரும். மெத்தை போடுகிற எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த சங்கதி. அதை டாக்டருக்கு விளக்கிச் சொன்னான், கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தான். அறுபதைத் தாண்டியதும் டாக்டர் விரலைத் தூக்கினார். “இதோ. கேக்குதா?” செவியன் தலையை ஒரு பக்கம் சாய்த்து, புருவத்தை நெரித்து, “கேக்குது, கேக்குது. டைனமோ பேரிங்கு” என்றான். மாற்றினான். டாக்டர் புதன்கிழமை திரும்பி வந்தார். “அப்படியே இருக்கு.” காற்றாடி பேரிங்கை மாற்றினான். வெள்ளிக்கிழமையும் வந்தார்.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. “தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு அந்தச் சத்தம் நிஜமாவே கேக்குதா?”

“என்ன டாக்டர் இப்படிக் கேக்குறீங்க.”

“சாயந்திரம் வர்றேன். பழைய கார் வச்சிருக்கிற ரெண்டு நண்பர்களும் உங்களப் பாக்கணும்னு வர்றாங்க. அதுக்குள்ள பாத்து வைங்க. முடியலேன்னா சொல்லிடுங்க, வேற இடம் பாத்துக்கறேன்.”

டாக்டரை அழைத்துப்போக வேறு கார் வந்தது, போய்விட்டார். செவியனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு இடம் என்றால் வேறு மெக்கானிக். அவன் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான். செவியனுக்குக் கேட்காதது ஒரு பொடியனுக்குக் கேட்டது என்று சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பட்டறைக்குள் இரண்டு தடவை நடந்தான். அப்புறம் தையல் மிஷின் முன்னால் போய் நின்றான்.

“கொஞ்சம் வண்டில வா. பக்கத்து சீட்டு ஆடுதான்னு பாக்கணும்.”

அவள் ஊசியைத் துணியிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டு வந்து ஏறினாள்.

ஊருக்கு வெளியே லாரிகள் போகிற பெரிய ரோடு. முள் ஐம்பதைத் தாண்டியதும் செவியன் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். சத்தம் வந்தால் அவள் புருவமாவது ஏறும், கண்ணாவது பின்னால் போகும், அதை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அவளை அப்படி உற்றுப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. காதோரம் நிறைய நரைத்திருந்தது. கன்னத்தில் தையல் சாக்கட்டியின் நீலக்கோடு ஒன்று. அறுபது. அறுபத்தைந்து. அவள் முகம் கல்லாக இருந்தது.

திடீரென்று அவள் கை பாய்ந்து ஸ்டீரிங்கை இழுத்தது. வண்டி இடது பக்கம் ஒடிந்தது. வலது பக்கம் ஒரு லாரி, கண்ணாடியைத் தொட்டுவிடுகிற நெருக்கத்தில், சுவர் மாதிரி கடந்துபோனது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டிக்கொண்டு போவது தெரிந்தது. பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்திருப்பான் போல.

செவியன் ஒரு மரத்தடியில் நிறுத்தினான். அப்போதும் அவனுக்கு அந்த ஒரே நினைப்பு.

“ஏதாவது சத்தம் கேட்டுச்சா உனக்கு?”

அவள் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். கொண்டை மட்டும்தான் தெரிந்தது. அவன் காத்திருந்தான். ஒரு பதில் சொல்லி முடிக்கிற நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, “ம்” என்றான்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்து, அவனுக்குத் தெரிகிற மாதிரி சொன்னாள்.

“நான் ஒண்ணுமே சொல்லல. வாயையே தெறக்கல.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த கோட்டை, ஒரு “ம்”மில் விழுந்தது.

“எப்பலேருந்து தெரியும்?” என்றான் கடைசியில்.

“போன வருஷம். குக்கர் பத்து விசில் அடிச்சுச்சு. நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம், உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு என்ன குறைன்னு தேடினேன். யாரையாவது பாத்துட்டீங்களோன்னுகூட நினைச்சேன். காதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. கோபம் அப்புறம்தான் வந்துச்சு.”

“தெரிஞ்சுதுன்னா கேட்டிருக்கலாம்ல.”

“நீங்க சொல்லியிருக்கலாம்ல.”

இரண்டும் சரியான பிடிவாதம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தராசில் வைத்தால் அவன் தட்டுதான் தாழும். அவள் ஒரு வருஷம் கேட்காமல் இருந்தாள். அவன் ஒரு வருஷம் அவளைத் தன் மேலேயே சந்தேகப்பட வைத்தான்.

“அந்தச் சத்தம் எனக்கு முதல் நாளே கேட்டுச்சு” என்றாள் அவள். “பட்டறையில வச்சு நீங்க ரேஸ் பண்ணப்பவே. பேரிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. வலது பக்க மூலையில காத்து உள்ள போற இடத்துல வெள்ளி டேப் நுனி தூக்கியிருக்கு. புல்ல ரெண்டு கட்டவிரலுக்கு நடுவுல வச்சு ஊதுவோமே, அந்தச் சத்தம். அந்தத் துண்ட வெட்டினது நானு. எனக்குத் தெரியாதா?”

செவியன் கண்ணை மூடிக்கொண்டான். பழைய நோய் வெளியே வருகிறது என்று பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரி பேசினோமே, தேடினதெல்லாம் பழைய சாமான்களில்தானே என்று நினைத்தான். நோய் புதிது. அவன் கையாலேயே ஒட்டினது. கேட்கிற காது இருந்திருந்தால் ஒரு நொடி வேலை.

“ஏன் அன்னிக்கே சொல்லல?”

“நீங்க வந்து கேப்பீங்கன்னு இருந்தேன். ‘எனக்குக் கேக்கல, நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லு’ன்னு. ரெண்டு பேரிங்க மாத்தினீங்களே தவிர, பத்தடி தள்ளி உக்காந்திருந்த எங்கிட்ட வரல.”

அவள் அவன் முழங்கையைத் தொட்டு, தன் முகத்தைப் பார்க்க வைத்தாள். அவள் குரல் எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. கண் கலங்கியிருந்தது.

“ஒண்ணு சொல்றேன். சாயந்திரம் டாக்டர் வருவார். அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்குக் காது சரியில்ல, இது என் வீட்டுக்காரி கண்டுபிடிச்சதுன்னு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் எந்த வண்டி வந்தாலும் நான் உங்க பக்கத்துல உக்காந்து கேட்டுச் சொல்றேன். ரெண்டு பேரும் சேந்து பொழச்சுக்கலாம். சொல்லலேன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அங்க கார் சீட்டுக்கு உறை தைக்கிற ஒரு கடையில வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க. மிரட்டுறேன்னு நினைக்காதீங்க. சுவத்தோட பேசிப் பேசி எனக்கு அலுத்துப்போச்சு.”

“சொல்றேன்” என்றான்.

அந்த நிமிஷம் அவன் பொய் சொல்லவில்லை. அதை மட்டும் அவன் சார்பில் நான் சொல்லியாக வேண்டும். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். எனக்குக் காது சரியில்லை டாக்டர். இது என் வீட்டுக்காரி கண்டுபிடிச்சது. ஏழெட்டு வார்த்தை. சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மகளிடம்கூடச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நெஞ்சிலிருந்து ஜாக்கியை இறக்கின மாதிரி ஒரு சுகம். மனைவி ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, கன்னத்து நீலக்கோட்டை முந்தானையால் துடைத்தாள்.

பட்டறையில் பல் டாக்டர் முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருந்தார். நண்பர்கள் இரண்டு பேர், டீக்கடைக்காரர், சும்மா வேடிக்கை பார்க்க நின்ற பக்கத்துக் கடைக்காரர். செவியன் பின்மூடியைத் திறந்தான். விரலால் வலது மூலையைத் தடவிக்கொண்டே போனான். ஒரு விரற்கடை நீளத்துக்கு டேப் நுனி எழும்பி நின்றது. கத்தரியால் நறுக்கி, சூடு காட்டி, கட்டைவிரலால் அழுத்தினான். “ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க டாக்டர்.”

டாக்டர் போய்விட்டு வந்தார். இறங்கும்போதே முகமெல்லாம் பல்.

“சுத்தமாப் போயிருச்சு. ரெண்டு பேரிங் மாத்தியும் போகாத சத்தம், ஒரு துண்டு டேப்பா? எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

செவியன் மனைவியைப் பார்த்தான். அவள் தையல் மிஷினின் சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தலையாட்டவில்லை, கண் காட்டவில்லை, சும்மா நின்றாள். நண்பர்கள் இரண்டு பேரும் அவன் சொல்லப்போவதைக் கேட்கக் கழுத்தை நீட்டினார்கள். டீக்கடைக்காரர் முகத்தில், இதெல்லாம் எங்க செவியனுக்கு ஜுஜுபி என்கிற பெருமை. வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது.

“ஓட்டிப் பாத்தேன் டாக்டர். கேட்டதும் பிடிபட்டுப் போச்சு” என்றான்.

டாக்டர் அவன் தோளில் தட்டினார். நண்பர்களில் ஒருவர் பட்டறையின் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டார். செவியன் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். திரும்பி அவளைப் பார்க்கத் தைரியம் வர வெகு நேரம் ஆயிற்று. பார்த்தபோது அவள் நூல்கண்டுகளை நிறவாரியாக ஒரு தகர டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி வீட்டில் சண்டை இல்லை. மறுநாள் காலை ஒரு சின்ன வேன் வந்தது. தையல் மிஷினின் தலை கனம், ஒரு ஆள் தூக்க முடியாது. அவள் ஒரு பக்கம் பிடிக்க, அவன் இன்னொரு பக்கம் பிடித்து, இரண்டு பேருமாகத் தூக்கி வேனில் வைத்தார்கள். சேர்ந்து வேலை செய்த பழக்கத்தில் ஒரு தடவைகூட எங்கேயும் இடிக்கவில்லை. அவள் மேலே பழைய போர்வையைப் போட்டுக் கயிறு கட்டினாள்.

“டாக்டர்கிட்ட நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்” என்றான்.

அவள் நின்று, அவனுக்கு நேராக முகத்தை வைத்து, அவசரப்படாமல் சொன்னாள். கடைசியாகச் செய்த உபகாரம் அது. “நாளைக்கு நீங்க யார்கிட்ட வேணா சொல்லிக்குங்க. நேத்து என்னை வச்சுக்கிட்டு உங்களால சொல்ல முடியல. இனி நான் இருந்து என்ன பண்ண?”

அவன் டாக்டரிடம் போகவில்லை. யாருக்காகப் போவது என்று கேட்டுக்கொண்டான், போகாமல் இருக்க அது வசதியான கேள்வியாகவும் இருந்தது. மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். திரையில் அவள் பெயர் மின்னி மின்னி அணைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போனை நீட்ட ஆள் இல்லை.

பல் டாக்டர் வாய் நல்ல வாய். பழைய கார் வைத்திருக்கிற ஆட்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சொன்னார், பேரிங்குக்கும் டேப்புக்கும் வித்தியாசத்தைக் காதாலேயே கண்டுபிடிக்கிற ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று. மூன்றாவது வாரம் பட்டறை வாசலில் நாலு கார் நின்றது. ஒன்றுகூட மெத்தை மாற்ற வந்ததில்லை. எல்லாம் எங்கிருந்தோ வரும் சத்தத்தைக் கண்டுபிடிக்க வந்தவை. ஒருவர் வெகு தூரத்திலிருந்து ஒரு நாள் முழுக்க ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“நாலு பேர்கிட்ட காட்டிட்டேன், ஒருத்தருக்கும் பிடிபடல” என்றார் அவர். “நீங்க ஒரு தடவ கேட்டாப் போதும்னு சொன்னாங்க.”

செவியன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள உள்ளங்கையை டேஷ்போர்டின் மேல் வைத்தான். பக்கத்து சீட்டில் ஏறிய வண்டிக்காரர், பேச்சை நிறுத்திக்கொண்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.